ஐந்தாம் கணக்கைச் செய்தவள் ஸஹ்ரா

என் ஸஹ்ராவுக்கு,

நீ போனபிறகு உன்னோடு நான் கதைக்கும் முதல் கதை இது. அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி கதைக்கிறேன். பள்ளிச் சஞ்சிகையில் உன் நினைவாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கணித சேர் என்னைக் கூப்பிட்டு, "நீதானே பிள்ளை எந்த நேரமும் அவவோட இருந்தனி, நீயே எழுது" என்றார். ஒரு பக்கம் காணாது சேர் என்றேன். "எத்தின பக்கம் வேணுமோ எழுது. ஒண்டையும் விடாத" என்றார்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபிக்காதே.

நீ மூதூர்ப் பிள்ளை, நான் லிங்கநகர். உயர்தரத்தில் கணிதம் படிப்பதற்காக நகரத்துக்கு வந்து உன் சாச்சி வீட்டில் தங்கியிருந்தாய். முதல்நாள் என் பக்கத்தில் வந்து இருந்தாய். பெயர் கேட்டேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாய். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ என் கொப்பியை இழுத்து, அதன் ஓரத்தில் உன் பெயரை எழுதிக் காட்டினாய்.

சேர் கேள்வி கேட்டால் உனக்குத் திக்கும். பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்லத் திக்கும். ஆனால் ஒரு மாதம் போனதும் என்னோடு கதைக்கும்போது திக்குவது நின்றுவிட்டது. அது எப்படி என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப வந்துவிடுமோ என்று பயந்தேன். உள்ளுக்குள் எனக்கு அது பெரிய பெருமை. இந்த உலகத்தில் வீட்டாரை விட்டால் ஸஹ்ரா சரளமாகக் கதைப்பது என்னோடு மட்டும்தான் என்று.

இருவர் போட்டி என்று ஒன்று வருகிறது என்று சேர் சொன்னபோது வகுப்பே நம்மைத்தான் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேருக்கு ஒரே விடைத்தாள். மூன்று மணித்தியாலம், ஐந்து கணக்குகள். இரண்டு பேரும் மெல்லிய குரலில் கதைத்துக்கொள்ளலாம், கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நீ யோசிப்பாய், நான் எழுதுவேன். நானும் யோசிப்பேன்தான். ஆனால் நான் கணக்கோடு சண்டை பிடிப்பேன், நீ அதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். அது தானே வாய் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாய்.

மாவட்டப் போட்டியின் ஐந்தாவது கணக்கு, பார்க்கச் சின்னப்பிள்ளைக் கணக்கு மாதிரி இருந்தது. ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு கதிரை. நாற்பத்தொன்பது கதிரையிலும் ஒவ்வொரு மாணவர். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் தனக்கு முன்னால், பின்னால், இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஒட்டியிருக்கும் ஏதாவது ஒரு கதிரைக்கு மாற வேண்டும். ஒருவரும் பழைய இடத்தில் இருக்கக்கூடாது. ஒரு கதிரையில் இரண்டு பேரும் இருக்கக்கூடாது. முடியுமா? முடியுமென்றால் மாறிக் காட்டு. முடியாதென்றால் ஏன் என்று நிறுவு.

நான் கட்டம் கீறி அம்புக்குறி போடத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒருவன் மிஞ்சினான். அழித்தேன், திரும்பப் போட்டேன், திரும்பவும் ஒருவன் மிஞ்சினான். இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. தாள் அழிறப்பரால் தேய்ந்து மெலிந்துபோனது. என் கழுத்தடியில் வியர்வை. நீ பென்சிலைத் தொடவே இல்லை.

"ஜெனி, கட்டத்துக்குக் கறுப்பு வெள்ளை அடி" என்றாய்.

"என்னத்துக்கு?"

"அடியன். ஒண்டு விட்டு ஒண்டு."

அடித்தேன். 

"இப்ப செல்லு. கறுப்பில இரிக்கிறவன் எங்க போவான்?" என்றாய். உன் ஊர்ப் பேச்சில் 'சொல்லு' என்பது 'செல்லு'.

பக்கத்தில் எல்லாம் வெள்ளை. "வெள்ளைக்குத்தான்."

"கறுப்பு எத்தின?"

எண்ணினேன். இருபத்தைந்து. வெள்ளை இருபத்துநான்கு. இருபத்தைந்து பேர் இருபத்துநான்கு கதிரைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். அரை மணித்தியாலமாக என்னைப் பேயாட்டிய கணக்கு மூன்று வரியில் முடிந்துவிட்டது. என் கை சிலிர்த்தது, உன்னிடம் காட்டினேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். ஸஹ்ரா, அந்த நிமிடத்தில் எனக்கு உன்மேல் பொறாமை இருந்ததா? இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் முடிவு சொன்னார்கள். முதலிடம் நமக்கு. ஐந்தாவதை முழுமையாக நிறுவிய சோடியும் நாம் மட்டும்தான். நடுவராக வந்திருந்த மிஸ், "உங்களில் ஒருவர் வந்து இதை விளக்குங்கள்" என்று மைக்கை நீட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நீ போ என்று கண்ணால் சொன்னாய். மைக் என்றால் நான்தான், அது நமக்குள் பேசாமலே பேசிவைத்த ஒப்பந்தம். போனேன்.

"நான் முதலில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை" என்றேன். அது உண்மை. "பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது" என்றேன். அது உண்மையில்லை. 

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பலாம்தான். ஆனால் நான் விளக்கி முடித்ததும் மண்டபம் கைதட்டியது. அந்த மிஸ் என் தோளில் கைவைத்து, "இந்த யோசனை எப்படி வந்தது மகள்?" என்று கேட்டார். திருத்துவதற்கு எனக்குக் கிடைத்த இடம் அதுதான். நான் சிரித்துக்கொண்டு, "தானா வந்தது மிஸ்" என்றேன்.

இரண்டாவது வரிசையில் நீயும் கைதட்டிக்கொண்டிருந்தாய்.

அன்று சனிக்கிழமை. நீ ஊருக்குப் போகிறாய் என்று பஸ் நிலையம்வரை உன்னோடு வந்தேன். நாம் வென்ற கேடயம் என் கையில். வழியெல்லாம் நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். மூதூர் பஸ் நின்றிருந்தது. நீ படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாய்.

"நீ நா... நா..." என்றாய்.

திக்குவது நின்ற இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக என்னோடு உனக்குத் திக்கியது. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, திரும்பச் சொன்னாய்: "நீ 'நாங்க' எண்டு செல்லியிரிக்கலாம்."

எனக்கு முகம் சூடேறியது. பிழை என்று தெரிந்த ஆளுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். "அப்ப நீயே மைக்கை வாங்கிக் கதைச்சிருக்கலாமே" என்றேன். எங்கே அடித்தால் உனக்கு நோகும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அங்கேயே அடித்தேன். நீ பஸ்ஸில் ஏறிப் போனாய். யன்னலோரம் இருந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம், கதைக்கவில்லை. நீ வந்து கதைக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். கேட்கிறாயா ஸஹ்ரா, நான்தான் காத்திருந்தேன்! பதினோராம் நாள் உன் கதிரை வெறுமை. காய்ச்சல் என்றார்கள். பிறகு டெங்கு, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். டெங்கு வந்து சுகமானவர்கள் நம் வகுப்பிலேயே மூன்று பேர் இருந்தார்கள். உனக்கும் சுகமாகிவிடும் என்றுதான் நினைத்தேன். போனில் 'எப்படி இருக்கிறாய்' என்று எழுதினேன், அழித்தேன். அடுத்த நாளும் எழுதினேன், அழித்தேன். ஆறாம் நாள் காலைக் கூட்டத்தில் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்து முதலில் உன் பெயரைச் சொன்னார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளியில் பஸ் பிடித்து எல்லோரும் மூதூருக்கு வந்தோம். நாங்கள் வந்துசேர முன்னமே உன்னை அடக்கிவிட்டார்கள். வீட்டுக்குள் போனதும் உன் உம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். "என்ட புள்ளைக்கு நீங்கதானே எல்லாம்" என்று அழுதார். அழக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

பள்ளியில் அறிவித்தல் பலகையில் அந்தப் போட்டிப் படம் தொங்கியது. மைக்கோடு நான். கீழே, 'கறுப்பு வெள்ளைத் தீர்வைக் கண்டுபிடித்த மாணவி' என்று என் பெயர். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். துக்கத்தில் போகிறாள் என்று நினைத்து வழிவிடுவார்கள்.

மாவட்டத்தில் வென்றவர்கள் போகும் மாகாணப் போட்டிக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது. நான் போகவில்லை என்றேன். சேர் விடவில்லை. தனியாகப் போகவும் விதியில் இடமில்லை. வகுப்பில் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். உன் இடத்தில் இருக்க ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் கையைத் தூக்கியது யார் தெரியுமா? தர்ஷினி. நம்ம 'ஏன் தர்ஷினி'தான். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்டு வகுப்பையே தாமதமாக்குகிறாள் என்று நாம் வைத்த பெயர். நீயும் சிரித்தாய், மறுக்காதே.

மூன்று கிழமையும் அவளோடு பயிற்சி எடுப்பது எனக்குப் பெரிய சித்திரவதையாக இருந்தது. நான் ஐந்தாவது வரியில் நிற்பேன், அவள் முதல் வரியில் நின்று, "இது ஏன் வந்தது?" என்பாள். அவள் ஆமை, அவள் நீ இல்லை, உன்னைப்போல் ஒருத்தி இனிமேல் இல்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒருநாள்கூடக் கோபிக்கவில்லை.

போட்டி நம் நகரத்திலேயே நடந்தது. கிழக்கு மாகாணம் முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதல் மூன்று கணக்கும் ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிந்தது. நாலாவது வடிவியல், ஐம்பது நிமிடத்தைத் தின்றது. அதிலும் எங்கள் விடை சரியா என்று எனக்கு நிச்சயமில்லை. ஐந்தாவதைத் திறந்தபோது ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது.

சொல்கிறேன், கேள். உனக்குப் பிடித்திருக்கும். வட்டமாகச் சில விளக்குகள். ஒன்று மட்டும் எரிகிறது, மற்றதெல்லாம் அணைந்திருக்கிறது. ஒரு விளக்கின் ஆழியை, அதாவது சுவிட்சை, அமத்தினால் அதுவும் அதன் இரண்டு பக்கத்து விளக்குகளும் மாறும். எரிவது அணையும், அணைந்தது எரியும். எத்தனை விளக்கு இருந்தால் எல்லாவற்றையும் அணைக்க முடியும், எத்தனை இருந்தால் முடியாது?

நான் உன்னைப்போல நிறம் பூசினேன். இந்தத் தடவை மூன்று நிறம், சுற்றிவர மாறிமாறி. விளக்குகள் மூன்றால் பிரிபட்டால் எந்த ஆழியை அமத்தினாலும் ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொன்று மாறும். எரிகிற எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பது மூன்று நிறத்திலும் ஒன்றாகவே மாறும். தொடக்கத்தில் ஒரு நிறம் மட்டும் ஒற்றை, மற்ற இரண்டும் இரட்டை, அதனால் எல்லாவற்றையும் ஒருநாளும் அணைக்க ஏலாது. எழுதும்போது கண் கலங்கியது. தாளில் விழாமல் துடைத்துக்கொண்டேன்.

பிரிக்கும்போது மீதி ஒன்று வந்தால்? எரிகிற விளக்கை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூன்று மூன்றாகக் கூட்டம் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவிலுள்ள ஆழியை அமத்து. இப்போது எல்லாமே எரியும். பிறகு எல்லா ஆழியையும் ஒவ்வொரு தரம் அமத்து. ஒவ்வொரு விளக்கும் மூன்று தரம் மாறும், அதாவது அணைந்துவிடும். முடிந்தது. மீதி இரண்டு வந்தால்? மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினாலு நிமிடம். 'மீதி இரண்டு வரும்போதும் இதேபோல் நிறுவலாம்' என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வைத்து, தாளைத் தர்ஷினியிடம் தள்ளினேன்.

அவள் வாசித்தாள். அவசரமில்லாமல் வாசித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இதேபோல் எண்டா எப்பிடி? ரெண்டு விளக்கு மிஞ்சுமே."

"வரும். விடை அதுதான். கையெழுத்தை வை."

"எப்பிடி வரும்?"

"தர்ஷினி, நேரமில்லை. திருத்துற ஆக்கள் அந்த வரியைப் பாக்க மாட்டினம்."

அவள் பேனையை மூடி மேசையில் வைத்தாள். "விளங்காததுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. மேற்பார்வையாளர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தணித்து, "சரியெண்டு சொல்லுறனே" என்றேன்.

"சரியெண்டு உனக்குத் தெரியுமா? இல்லாட்டி நினைக்கிறியா?"

ஸஹ்ரா, எனக்குத் தெரியாது. அந்த வரியில் என்னிடம் ஒன்றுமே இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டினால் போதும், நம்பிவிடுவார்கள், அது நடக்கும் என்று எனக்கு முன்னமே தெரியும். ஒரு மேடையில் நடந்திருக்கிறது. 'தானா வந்தது மிஸ்' என்ற என் குரல் எனக்கே கேட்டது. பேனையை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினேன்.

பதினொரு நிமிடம். ஐந்து விளக்கு கீறினேன். மூன்றைக் கூட்டமாக்கினால் இரண்டு மிஞ்சுகிறது. எட்டு கீறினேன். ஆறைக் கூட்டமாக்கினால் இரண்டு மிஞ்சுகிறது. அந்த இரண்டையும் என்ன செய்வது? ஒன்பது நிமிடம். தர்ஷினி தன் பக்கத்தில் ஐந்து வட்டம் கீறி, மெதுவாக, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜெனி, ஒரு விளக்கு ரெண்டு தரம் மாறினா, மாறாத மாதிரித்தானே?"

"ஓம், ஓம்." எனக்குப் பொறுமையில்லை.

"அப்ப ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்துக்கு மேல விழட்டுமே. ஏன் விழக்கூடாது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் விரல் மூன்றாவது வட்டத்தில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று ஒரு கூட்டம். மூன்று, நாலு, ஐந்து இன்னொரு கூட்டம். மூன்றாவது விளக்கு இரண்டு தரம் மாறும், அதாவது மாறாது. எரிகிற விளக்கை அந்த இடத்தில் வைத்தால் மற்ற எல்லாம் எரிந்துவிடும். பிறகு முன்னம் செய்த மாதிரியே. இரண்டு மிஞ்சுகிறது என்று நான் அழுதுகொண்டிருந்தேன். அவளுக்கு அது ஒன்று குறைவதாகத் தெரிந்திருக்கிறது.

ஆறு நிமிடம். தாளை அவளிடம் தள்ளினேன்.

"நீ எழுது. என்ட எழுத்து மெதுவு" என்றாள்.

"கண்டுபிடிச்சது நீ. நீ எழுது."

எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக, ஒரு அவசரமும் இல்லாமல். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தபோது கடைசி வாக்கியத்துக்கு வினைச்சொல் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு அவள் கையெழுத்து வைத்தாள்.

எங்களுக்கு மூன்றாமிடம். நாலாவது பிழைதான். ஆனால் ஐந்தாவதில் மூன்று நிலையையும் நிறுவிய ஒரே சோடி நாங்கள் என்று அறிவித்தார்கள். ஒருவர் வந்து விளக்குங்கள் என்றார்கள். தர்ஷினி கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் மாட்டன். நீ போ" என்றாள்.

அதே மாதிரி, ஸஹ்ரா. அச்சொட்டாக அதே மாதிரி. நான் அவளுடைய கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "நீ கதைக்கத் தேவையில்லை, பக்கத்தில நில்" என்றேன்.

முதல் இரண்டு நிலையையும் நான் செய்தேன் என்றேன். மூன்றாவதை நான் ஏமாற்றி எழுதப் பார்த்ததையும், இவள் கையெழுத்து வைக்க மறுத்ததையும், பிறகு இவளே அதைக் கண்டுபிடித்ததையும் சொன்னேன். கொஞ்சம் சிரித்தார்கள். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம்.

"இன்னுமொண்டு சொல்ல வேணும்" என்றேன். "மாவட்டப் போட்டியில கறுப்பு வெள்ளைத் தீர்வை என்ட யோசனை எண்டு நான் சொன்னனான். அது பொய். அதைக் கண்டுபிடிச்சது என்ட சிநேகிதி ஸஹ்ரா. அவ இப்ப இல்லை. அவ இருக்கேக்க நான் சொல்லேல்லை."

ஒருவரும் கைதட்டவில்லை. தர்ஷினி என் கையை விடவில்லை. 

வெளியில் வந்ததும் சேர், "அதை இங்க சொல்லத் தேவையில்லையே பிள்ளை" என்றார். "அப்ப எங்க சேர் சொல்லுறது?" என்றேன். திங்கட்கிழமை போனபோது அறிவித்தல் பலகையில் என் படம் இல்லை. உன்னுடைய வகுப்புப் படம் இருந்தது. கீழே சேரின் கையெழுத்தில் உன் பெயர்.

உன் உம்மாவுக்கு வேறு யாரும் சொல்ல முன்னம் நான் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமை மூதூர் பஸ் எடுத்தேன். என் அம்மா தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கிண்ணியாப் பாலம் தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் எழும்பினேன், இரண்டு தரமும் இருந்தேன்.

உம்மா தையல் மெசினில் இருந்தார். யாருடையதோ பெருநாள் சட்டை. நான் சொல்லச் சொல்ல அவர் மெசினை நிறுத்தினார். துணியை மடிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மேடையில் சொன்னதையும் சொன்னேன், பஸ் நிலையத்தில் உன்னிடம் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன் புள்ள, அவ இரிக்கக்குள்ள இதச் செல்லல்ல?"

வழியெல்லாம் அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடிக்கொண்டு வந்தேன். பயம், வெட்கம், நேரம் கிடைக்கவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு, "எனக்கு அந்தக் கைதட்டல் விருப்பமா இருந்தது உம்மா" என்றேன்.

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். குழாய் திறந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கனநேரம் ஓடியது. போகச் சொல்கிறார் என்று நினைத்துப் பையை எடுத்தேன். தேத்தண்ணியோடு வந்தார். முகம் கழுவியிருந்தார்.

"அவ வீட்ட வந்து ஒண்டும் செல்லல்ல" என்றார். "ஜெனி நல்லாக் கதைச்சா உம்மா எண்டுதான் சென்னா."

அப்போதுதான் ஸஹ்ரா, நீ போனபிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதேன். நீ என்னை மன்னித்து அப்படிச் சொன்னாயா? இல்லை, உம்மா நோகக்கூடாது என்று விழுங்கினாயா? இதை யாரிடம் கேட்பேன்?

அவர் என்னை அழவிட்டார். தேற்றவில்லை. நான் ஓய்ந்தபிறகு, "அந்தக் கணக்கு என்னண்டு எனக்குச் செல்லித் தாங்க" என்றார். "நான் எட்டாம் வகுப்புதான். எண்டாலும் என்ட புள்ள என்னத்த யோசிச்சா எண்டு நான் அறியோணும்."

மெசினுக்குப் பக்கத்தில் பிஸ்கட் தகரத்தில் சட்டைப் பொத்தான்கள் இருந்தன. பாயில் கொட்டினேன். நாற்பத்தொன்பது வேண்டாம், மூன்று வரிசை மூன்றாக ஒன்பது கதிரை போதும் என்று, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வைத்தேன். கதையைச் சொன்னேன். நீ என்னிடம் கேட்ட மாதிரியே, கறுப்பில் இருப்பவர் எங்கே போவார் என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். விரலால் எண்ணினார். ஐந்து கறுப்பு. நாலு வெள்ளை.

"ஒராளுக்குக் கதிர இல்ல" என்றார் மெதுவாக.

"ஓம் உம்மா."

"இது அவ யோசிச்சதா?"

"அவதான். வேற ஒருத்தரும் இல்லை."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் தகரத்துக்குள் கையைவிட்டு இன்னும் ஏழு பொத்தான் எடுத்தார். ஓரத்தில் ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, கறுப்பு வெள்ளை மாறிமாறிக் கூட்டினார். "நாலுக்கு நாலா இரிந்தா ஏலுமா?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். இதில் கறுப்பும் எட்டு, வெள்ளையும் எட்டு. ஆனால் எண்ணிக்கை சமம் என்பது மட்டும் போதாது, மாறிக் காட்டவும் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உம்மா பக்கத்துப் பக்கத்தில் இருந்த ஒரு கறுப்பையும் வெள்ளையையும் இரண்டு விரலால் பிடித்து இடம் மாற்றினார். பிறகு அடுத்த இரண்டு. பிறகு அடுத்த இரண்டு.

"ரெண்டு ரெண்டு பேரா மாறி இரிந்தாச் சரிதானே மகள்?" என்றார். "ஒருத்தரும் தனிய மிஞ்ச மாட்டாங்க."

"சரி உம்மா. முழுக்கச் சரி" என்றேன். அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குத் தெரிந்தது.

விளக்குக் கணக்கையும் கேட்டிருக்கிறார். அதற்குத் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஏன் ஏன் என்று கேட்டால் உம்மா சளைக்காமல் மறுமொழி சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஸஹ்ரா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ யோசித்ததை யாருக்குச் சொன்னாலும் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். உம்மாவுக்குக் கேட்கக் கேள்வி இருக்கும்வரை அந்த மூதூர் பஸ்ஸில் நான் இருப்பேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன், அது எந்த மேடையாக இருந்தாலும்.

உன் உம்மாவுக்கு இப்போது மகளாகப் பழகிக்கொண்டிருக்கும்,
உன் சகோதரி
ஜெனிற்றா